தரைக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே

செப்டம்பர் 22, திங்கள்

பாய்லரைப் பரிசோதிக்க வந்தவர் அதன் மேல் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டுப் போனார். இருபத்தொரு வருடத்துப் பாய்லர். "இந்தக் குளிர்காலத்தைத் தாண்டினால் உங்கள் அதிர்ஷ்டம்" என்றார். என் ஒன்பது மாதக் குழந்தை அமுதினி அவருடைய ஷூவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தாள். அவர் குனிந்து அவளிடமும் ஏதோ டச்சில் சொன்னார். அதுவும் பாய்லரைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

என் கணவர் தயாளன் மாலை வந்ததும் சொல்லிவிட்டார்: இனி எரிவாயு வேண்டாம், ஹீட் பம்ப் போட்டுவிடுவோம். அப்பாவிடம் போனில் சொன்னேன். முப்பத்தாறு வருடம் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் இருந்த மனிதர், சென்ற மாதம்தான் ஓய்வு பெற்றார். "ஃபிரிட்ஜத் திருப்பி வெச்ச மாதிரிதானம்மா? வெளிய இருக்கிற குளுருக்குள்ளருந்து சூட்ட உறிஞ்சி உள்ள விடும். அவ்ளோதான?" அவ்வளவுதான்.

அந்தச் சூட்டை அறைக்குள் எப்படி விடுவது என்பதில்தான் சிக்கல். இரண்டு வழி. சுவரில் இப்போது இருக்கும் ரேடியேட்டர்களையே கொஞ்சம் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம். அல்லது தரையில் வரிவரியாகப் பள்ளம் வெட்டி, குழாய் பதித்து, வெந்நீரை ஓடவிட்டுத் தரையையே சூடாக்கலாம். பம்ப் எப்படியும் நவம்பர் 12 வந்துவிடும். தரை வேலைக்கு ஆட்கள் வேண்டுமென்றால் அக்டோபர் 10-க்குள் சொல்ல வேண்டும் என்கிறார் மார்ட்டன். அவர்தான் இதையெல்லாம் நிறுவிக் கொடுக்கப் போகிறவர்.

"நீதான மெக்கானிக்கல்? நீயே ஒரு சிமுலேஷன் ஓட்டிச் சொல்லு எழில். அந்தாளு பேச்ச நம்பி நான் தரைய வெட்ட மாட்டேன்" என்றார் தயாளன்.

சரி என்றேன். சிரிப்பாகவும் இருந்தது. சென்னையில் நான்கு வருடம் கண்ணாடிக் கட்டடங்களுக்கு ஏசி கணக்குப் போட்டவள் நான். வெப்பத்தை வெளியே தள்ளுவதற்கே சம்பளம் வாங்கியிருக்கிறேன். உள்ளே கூப்பிட்டதில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. இந்தக் கணக்கு எதற்கு என்று எனக்குத் தெரியும், தயாளனுக்கும் தெரியும். நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

பிப்ரவரியில் அமுதினிக்கு இரண்டு மாதம். மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். கிளம்பும்போது டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார், "வீடு குளிராக, ஈரமாக இருக்குமா?" என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. நெதர்லாந்துக்கு வந்தபோது இந்த ஐந்தோவன் நகரில் எத்தனையோ வீடுகள் இருந்தன. 1974-இல் கட்டிய இந்த வரிசை வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய் "இதுவே இருக்கட்டும்" என்றது நான்தான். வாசலில் ஒரு மரம் இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்.

இன்னொரு பிப்ரவரி கூடாது. அதற்குத்தான் கணக்கு.

செப்டம்பர் 25, வியாழன்

அமுதினி பகலில் தூங்கும் ஒன்றே கால் மணி நேரத்தில் வீட்டைக் கணினிக்குள் கட்டுகிறேன். சுவர்கள், ஜன்னல்கள், கூரை. எந்தப் பக்கம் வெயில், எந்தப் பக்கம் காற்று, பக்கத்து வீட்டுச் சுவர் எவ்வளவு சூடு. பிறகு உள்ளே ஆட்களைக் குடிவைக்க வேண்டும்: எத்தனை பேர், எந்த நேரத்தில், எந்த அறையில். மனிதனும் ஒரு சின்ன அடுப்புதான். சும்மா உட்கார்ந்திருந்தாலே நூறு வாட்.

சிதம்பரத்தில் கடைசி வருட புராஜெக்டுக்கு முதன்முதலில் இப்படி ஒரு வீட்டைக் கட்டினேன். எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸைத்தான் எடுத்துக்கொண்டேன். அளவுகளை அப்பாவே டேப் பிடித்து எடுத்துக் கொடுத்தார். ஹால் பன்னிரண்டுக்குப் பத்து. சமையலறை ஜன்னலுக்கு வெளியே பலா மரம், அதன் நிழல் எத்தனை மணிக்கு எந்தச் சுவரில் விழும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து குறித்தோம். அம்மா, "வேல இல்லாத அப்பன், வேல இல்லாத மக" என்று சொல்லிக்கொண்டே மோர் கொண்டுவந்து வைத்தாள். அந்தக் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. திறந்து பார்த்தேன். பலா மரம் ஒரு சாம்பல் நிறச் செவ்வகமாக நின்றுகொண்டிருந்தது.

இப்போது கோப்பு மூன்று. அ: தரை. ஆ: ரேடியேட்டர். இ: அது ஒன்றும் முக்கியமில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் வெளியே ஆறு டிகிரி. பழைய பாய்லரைப் போட்டுவிட்டு, துடைப்பக் கம்பில் மூன்று வெப்பமானிகளைக் கட்டி ஹாலில் நிறுத்தினேன். ஒன்று ஆள் தலை உயரத்தில், ஒன்று நாற்காலி உயரத்தில், ஒன்று தரைக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே.

மேலே 21. நாற்காலியில் 19.5. கீழே 16.4.

சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட் 20 என்று காட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தது. அது இந்த ஊர்க்காரர்களுக்காகச் செய்தது. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டிலில் படுத்து, வீட்டுக்குள்ளும் செருப்பு போட்டுக்கொள்கிறவர்கள். நாங்கள் சாப்பிடுவது தரையில், துணி மடிப்பது தரையில், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது தரையில். பத்து சென்டிமீட்டர் உயரத்தில்தான் அமுதினியின் மூக்கு இருக்கிறது. போன குளிர்காலம் முழுக்க நான் அவளை ஜமக்காளத்தில் கிடத்திவிட்டு, சுவரைப் பார்த்து 20 இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தயாளன் கம்பைப் பார்த்துவிட்டு, "என்ன இது, மாரியம்மனுக்குக் கம்பம் நட்டுட்டியா?" என்றார். எண்களைக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அக்டோபர் 1, புதன்

ஓட்டிவிட்டேன். வருடத்தின் எட்டாயிரத்துச் சொச்சம் மணி நேரமும், மணிக்கு மணி.

தரை: 35 டிகிரித் தண்ணீர் போதும். ஒரு பங்கு மின்சாரத்துக்கு 4.2 பங்கு வெப்பம்.
ரேடியேட்டர்: 48 டிகிரியாவது வேண்டும். ஒரு பங்குக்கு 3.1.

தண்ணீரை எவ்வளவு சூடாக்கச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பம்ப் மூச்சு வாங்கும். படிப்பில் முதல் செமஸ்டர் விஷயம்தான். பத்து சென்டிமீட்டர் உயரத்துக் காற்று ஜனவரியில்கூடத் தரைச் சூட்டில் 20, ரேடியேட்டரில் 17.

"வந்துச்சா?" என்று கேட்டார் தயாளன், காய் நறுக்கிக்கொண்டே.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றேன்.

இருக்கத்தான் செய்கிறது. ஜமக்காளத்தைச் சேர்க்கவில்லை. தரையில் வெறும் டைல்ஸ் என்று வைத்துக் கணக்கு போட்டுவிட்டேன். நாங்கள் பாதி ஹாலுக்கு பவானி ஜமக்காளம் விரித்து, அதன் மேல் இலவம்பஞ்சு மெத்தை போட்டிருக்கிறோம். அது தரைக்கு ஸ்வெட்டர் மாட்டின மாதிரி. சூடு மேலே வராது. இதையெல்லாம் எந்த டச்சுக்காரனின் மென்பொருளும் கேட்பதில்லை.

அக்டோபர் 2, வியாழன்

ஜமக்காளம், மெத்தை சேர்த்து ஓட்டினேன். தண்ணீர் 43 டிகிரி வேண்டியிருக்கிறது. தரை 3.4-க்கு இறங்கிவிட்டது. தயாளனிடம் காட்டினேன்.

"ஜமக்காளத்தச் சுருட்டிப் பரண்ல போட்டா முடிஞ்சுது. இதுல என்ன இருக்கு?"

"எங்க வீட்ல எப்பவும் விரிச்சிருக்கும்."

"அப்ப இது நம்ம வீடு இல்லியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் குக்கரை இறக்கப் போனேன்.

அம்மா போன் செய்தாள். தரையைச் சூடாக்கப் போகிறோம் என்றதும் அப்படி ஒரு சிரிப்பு. "அடியே, இங்க நாங்க ஒரு வாளி தண்ணிய ஊத்திவிட்டு ஃபேனப் போட்டு, காஞ்சப்பறம்தான் தலய சாய்க்கிறோம். அங்க தரைக்கு அடுப்பு வெக்கிறீங்களா? கோழியா வேகப்போறீங்க?" பிறகு குரல் இறங்கி, சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். அக்டோபர் 31 குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க வேண்டும். ரிட்டையர் ஆனால் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்த ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் லாரியில் சாமான் ஏற்றிப் போவதைப் பார்க்கும்போது அவர்கள் ஏதோ பரீட்சையில் தோற்றுவிட்டது போல நினைத்துக்கொள்வேன். வடலூரில் மாடியில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறார்களாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று வேலை ஓடவில்லை. நினைப்பு அந்தத் தரையிலேயே கிடக்கிறது.

மே மாதம். பள்ளி விடுமுறை. எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த பதினோராவது வட்டத்தில் ஒரு ஈ காக்கை நடமாட்டம் இருக்காது. அப்பா காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருவார். சைக்கிளை நிறுத்துகிற சத்தம், கிணிங் என்று ஒரு ஸ்டாண்டு. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல், ஹாலில் ஃபேனுக்கு நேர்கீழே சிமென்ட் தரையில் குப்புறப் படுத்துவிடுவார். நான் அவருக்குப் பக்கத்தில். கன்னத்தைத் தரையில் வைத்தால் ஜில்லென்று காதுவரைக்கும் ஏறும். அந்த இடம் சூடாகிவிட்டால் அரை அடி நகர்ந்து புது இடம். அப்படியே நகர்ந்து நகர்ந்து ஹாலின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய்விடுவோம். அப்பா எழுந்ததும் அவர் படுத்த இடத்தில் வியர்வையில் ஒரு ஆள் படம் இருக்கும். அது ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து மறைவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அத்தனை பெரிய பாய்லருக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற மனிதருக்கு, உலகத்திலேயே குளிர்ச்சியான இடம் அது.

கணினியில் அந்த மாதிரி இன்பத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. தேடினேன்.

அக்டோபர் 9, வியாழன்

மார்ட்டன் நேரில் வந்தார். காபிக்கு நன்றி சொல்லி, டிகாக்‌ஷன் கசப்பில் ஒரு கண்ணைச் சுருக்கினார். என் கணக்கைக் காட்டினேன். உண்மையிலேயே ரசித்தார். "தரையில் உட்கார்வதைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை" என்றார். ஒரு விஷயம் எச்சரித்தார்: தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாதாம். தாண்டினால் கால்களுக்கு நல்லதில்லை, அதற்கு மேல் யாராலும் வசதியாக நிற்க முடியாது என்றார்.

இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். "எழில், உங்கள் தரை எங்கும் ஓடிவிடாது. என் ஆட்கள் ஓடிவிடுவார்கள்" என்று சொல்லிவிட்டு, அமுதினிக்கு டாட்டா காட்டிக் கிளம்பினார்.

அக்டோபர் 10, வெள்ளி

மார்ட்டனுக்குப் பதில் போடவில்லை. அமுதினிக்குக் கீழ்ப்பல் ஒன்று எட்டிப் பார்க்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

அமுதினி காலையில் இரண்டு முறை இருமினாள். காதை முதுகில் வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. மறுபடி கேட்டேன்.

இ கோப்பில் கொஞ்ச நேரம் வேலை செய்தேன். ஜனவரியில் நெய்வேலியில் குளிர் இருபதை ஒட்டித்தான் நிற்கும் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் அந்தப் பக்கத்து வானிலைக் கோப்பு ஒன்றை இறக்கி, பழைய குவார்ட்டர்ஸ் கோப்பில் போட்டு ஓட்டினேன். வெப்பத் தேவை: 0. மென்பொருள் ஏதோ தவறு என்று எச்சரித்தது. மறுபடி ஓட்டினேன். 0.

மூன்றாவது முறையும் ஓட்டினேன். பூஜ்யத்தைப் பார்க்க நன்றாக இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தயாளனுக்கு லீவு இல்லை. அமுதினிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அப்பா அனுப்பிய பாவாடை கட்டிவிட்டு, அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டேன். பாவாடை கீழே அரை அங்குலம் தெரிந்தது. குவார்ட்டர்ஸில் இது கடைசித் தீபாவளி என்று அம்மா போனைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். பாதி அறைகளில் அட்டைப்பெட்டிகள்.

அப்பாவிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அவரிடம் ஒரு அகச்சிவப்பு வெப்பமானி இருக்கிறது, துப்பாக்கி மாதிரி நீட்டி அழுத்தினால் எண் காட்டும். வீட்டை ஒப்படைப்பதற்குள் ஹால் தரையை அளந்து சொல்லச் சொன்னேன். "எதுக்கும்மா?" என்றார். மாடலுக்கு என்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

தயாளன் இன்று வீட்டிலிருந்து வேலை. மார்ட்டன் அவருக்குப் போன் செய்திருக்கிறார், கணக்கு என்ன ஆயிற்று என்று. நான் அமுதினியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். இவர், நாமே அனுப்பிவிடுவோம் என்று என் கணினியைத் திறந்திருக்கிறார்.

துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

"அ கோப்பு அக்டோபர் ஒண்ணாம் தேதியே முடிஞ்சிருக்கு."

"ஜமக்காளம் சேர்க்கணும்னு சொன்னேனே."

"அது ரெண்டாம் தேதி." அடுத்த கோப்பைத் திறந்தார். "சரி, இந்த இ-ல எத்தன ஆளு?"

துண்டின் நுனியால் அமுதினியின் தலையைத் துவட்டினேன்.

"ஒண்ணுன்னு போட்டிருக்க. அது நான்தான?"

"சும்மா ஒரு கணக்கு ஓட்டிப் பார்த்தேங்க. எல்லாரும் ஓட்டுறதுதான்."

"சும்மா ஓட்டுறவ நவம்பர் அஞ்சுலருந்து மார்ச் இருபது வரைக்கும்னு தேதி போட்டு, நாள் நாளா ரெண்டு பேரக் கழிப்பாளா? மாடி ரூமுக்குச் சூடே இல்ல. ஹால் பதினஞ்சு டிகிரி. பரவாயில்ல, எனக்கு ஒரு கம்பளி போதும்னு முடிவு பண்ணிட்ட."

அமுதினி தும்மினாள். நான் அவளை இறுக்கிக்கொண்டேன்.

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லிருக்க மாட்டேன் எழில்" என்றார். "நீ கேக்கவே இல்ல. குழந்த பேரச் சொல்லி மூணு வாரம் என்னக் காக்க வெச்ச. பத்தாம் தேதி போச்சு. அது யாருக்கு நஷ்டம்?"

எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தார். கழுவி வைத்த பாத்திரங்களையும் சேர்த்து.

அக்டோபர் 25, சனி

பேசவில்லை. சாப்பிட்டோம்.

யாருக்கு நஷ்டம் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் உயரத்தில் மூச்சு விடுகிறவளுக்கு. செப்டம்பர் 28-லேயே எனக்குத் தெரியும். தெரிந்தே கணக்கில் ஜமக்காளத்தை விரித்தேன். தரையை வெட்டிவிட்டால் இங்கேயே இருக்கப் போகிறோம் என்று ஆகிவிடும். ஒரு குளிர்காலம் குழந்தையோடு நெய்வேலிப் பக்கம் போய் இருந்தால், அடுத்ததும் இருக்கலாம், அதற்கடுத்து

இதை முடிக்க வரவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

இங்கே காலை எட்டு மணி. அப்பா வீடியோவில் கூப்பிட்டார். லாரி போய்விட்டது. வீட்டைச் சரிபார்க்க ஒருவர் வந்து கையில் தாளோடு நடந்துகொண்டிருந்தார்: ஃபேன் மூணு, குழாய் அஞ்சு, ஜன்னல் கண்ணாடி உடைசல் இல்லை. அப்பா பேசினால் அறை இரண்டாம் முறை பேசியது. சாமான் இல்லாத ஹாலை நான் பார்த்ததே இல்லை. சின்னதாக இருந்தது.

"இந்தா, ஒன் தரையப் பாத்துக்க" என்று அப்பா வெப்பமானியை நீட்டி அழுத்தினார். போன் கேமராவை எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

29.2.

"தப்பா இருக்கும்ப்பா. ஃபேனுக்கு நேர் கீழ அளங்க."

நகர்ந்து போய் அழுத்தினார். 29. மூலையில் 29.4.

"வெயில் படுதா?"

"எங்கம்மா படும்? ரெண்டு நாளா மழ, ஊரே குளுந்து கெடக்கு. மே மாசத்துல அளந்தா முப்பத்திரெண்டு, முப்பத்திமூணு காட்டும்."

"அதுலயாப்பா நாம ஜில்லுன்னு இருக்குன்னு படுத்துக்கிட்டோம்?"

அப்பா சிரித்தார். "வெளிய நாப்பத்திரெண்டு இருக்கும்போது முப்பத்திரெண்டு ஜில்லுதான? நான் வேற பாய்லர்லருந்து வர்றவன்."

அம்மா பின்னாலிருந்து, "சாவியக் குடுத்துட்டு வாங்க, ஆட்டோக்காரன் கத்துறான்" என்று கத்தினாள். அப்பா சாவியைக் கொடுத்ததை நான் பார்க்கவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார். துணி உரசுகிற சத்தம், ஒரு கையெழுத்து போடுகிற அமைதி, "வரேன் தம்பி". பிறகு கட் ஆகிவிட்டது.

என் வாழ்க்கையிலேயே குளிர்ச்சியான இடம் 29 டிகிரிக்கு மேல். அதற்கு மேல் சூட்டில் ஒருவராலும் வசதியாக நிற்க முடியாது என்று மார்ட்டன் சொன்ன அதே எல்லை.

அமுதினி தவழ்ந்து வந்து என் மடியில் ஏறினாள். அவள் உள்ளங்கைகள் சில்லிட்டிருந்தன. இது நிஜச் சில்.

நவம்பர் 1, சனி

காலையில் தயாளனிடம் சொன்னேன். எல்லாவற்றையும், எண்களோடு. அவர் தோசைக்கல் அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே கேட்டார்.

"ஒரு விஷயம் சொல்றேன், தப்பா எடுத்துக்காத" என்றார். "நீ போயிட்டு வா. டிக்கெட் பாத்து வெச்சிருக்கேன். அஞ்சாம் தேதி இல்ல, எட்டாம் தேதி இருக்கு. மார்ச்ல வந்தா போதும். வடலூர் வீட்ல ரெண்டு ரூம் இருக்குல்ல?"

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வாரமாக யோசித்திருக்கிறார். நான் ஒரு மாதமாகக் கேட்க நினைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"நீங்க பதினஞ்சு டிகிரில இருப்பீங்களா?"

"ஒரு கம்பளி போதும்னு நீதான கண்டுபிடிச்ச."

சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது. "வேணாங்க" என்றேன். "நான் போக நெனச்ச எடத்துக்கு நேத்தே சாவி குடுத்தாச்சு. வடலூர் எனக்குத் தெரியாத ஊரு. தெரியாத ஊர்ல இருக்கணும்னா, அத நம்ம மூணு பேரும் சேர்ந்து இங்கயே இருந்துக்கலாம்."

"ஜோக்கா சொல்றியா?"

"இல்ல. ஆள் மூணுன்னு மாத்திட்டேன்."

மார்ட்டனுக்கு நானே போன் செய்தேன். தரை வேண்டும் என்றேன். ஆட்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள், இனி மார்ச்தான் என்றார். நான் மன்றாடினேன். எந்த மொழியில் மன்றாடினேன் என்று ஞாபகம் இல்லை. கடைசியில், நவம்பர் 14 ஒரு நாள், ஒரே ஒரு அறை வெட்டித் தர முடியும் என்றார். பதினாறு சதுர மீட்டருக்கு மேல் முடியாது.

எந்த அறை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஹால்.

மற்ற அறைகளுக்கு ரேடியேட்டர் என்பதால் பம்ப் இரண்டு விதச் சூட்டில் தண்ணீர் கொடுக்க வேண்டும். இன்று மாலையே ஓட்டினேன்: 3.5. முழு வீட்டுக்கும் 4.2 கிடைத்திருக்கும். இடையில் இருக்கிற 0.7 என்னுடையது. என் பெயரைப் போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

காலை ஏழரைக்கு இரண்டு பேர். ஒரு இயந்திரம். மாடியில் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல் டாக்டர் வீட்டுக்கே வந்து வீட்டுக்கே பல் ராவுகிற மாதிரி ஒரு சத்தம், ஐந்து மணி நேரம். கீழே இறங்கிப் பார்த்தால் ஹால் தரையில் வரிவரியாக வளைந்து வளைந்து பள்ளம். சிக்குக் கோலம் போட்டு வைத்த மாதிரி இருந்தது. தயாளனிடம் சொன்னேன். "புள்ளி எங்க?" என்றார்.

மார்ட்டன் கிளம்பும்போது மூன்று முறை சொன்னார்: பூச்சு காயும்வரை பொறுக்க வேண்டும். பிறகு ஒரு நாளைக்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. அவசரப்பட்டால் விரிசல் விடும்.

நவம்பர் 24, திங்கள்

தரை 18.

நவம்பர் 25

20. தயாளன் நடந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலியே" என்றார்.

நவம்பர் 26

22. தெரிகிறது என்கிறார். நான்தான் சாக்ஸைக் கழற்றச் சொன்னேன்.

நவம்பர் 30, ஞாயிறு

25-இல் நிறுத்தியிருக்கிறேன். வெளியே பூஜ்யம். தரைக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே 20.6. கம்பை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் ஹாலில் படுத்தோம். மெத்தை கூடாது, ஜமக்காளம் கூடாது, வெறும் டைல்ஸ். தயாளன் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினார். "ஐரோப்பாவுக்குக் கூட்டிட்டு வந்து என்னக் கட்டாந்தரையில படுக்க வெச்சுட்டியே. எங்கம்மா கேட்டா என்ன சொல்றது?" அமுதினி அவர் வயிற்றின் மேல் ஏறி இந்தப் பக்கம் இறங்கினாள். பிறகு மறுபடி அந்தப் பக்கம். உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

அமுதினிக்குச் சளி.

எவ்வளவு கணக்குப் போட்டாலும் சளி வரும் என்பதற்கு எந்தக் கோப்பிலும் இடம் விடவில்லை. ஞாயிறு காய்ச்சல், நேற்று மூக்கொழுகல், இன்று காலை இருமல். பிப்ரவரி அப்படியே எழுந்து வந்து கதவருகில் நின்றது. சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தேன். குழி விழவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன். தயாளன் அலுவலகத்திலிருந்து பாதியில் வந்துவிட்டார்.

டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, இந்த ஊரில் எல்லாக் குழந்தைக்கும் இந்த மாதம் இப்படித்தான் என்றார். "மூச்சு நன்றாக விடுகிறாள்." அந்த வாக்கியத்தை டச்சில் இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். புரியாமல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தயாளன், "அத்தைக்குப் போன் போடவா?" என்றார். வேண்டாம், பயந்துவிடுவார்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போன குளிர்காலத்தில் ஒரு தும்மலுக்கு இரண்டு முறை அம்மாவைக் கூப்பிட்டவள் நான்.

ஆனால் அம்மாவே கூப்பிட்டாள். அமுதினியின் மூக்கைத் துடைத்து, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன்.

"ஏண்டி புள்ள மூக்கு செவந்திருக்கு?"

"லைட்டும்மா. இங்க பொழுது நாலரைக்கே போயிடுது, லைட்டு போட்டா அப்படித் தெரியும். வடலூர் வீடு எப்படிம்மா இருக்கு?"

"அதுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு. நல்ல காத்து."

அம்மாவின் நெற்றியில் முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. பின்னால் அப்பா எதையோ தட்டிச் சரிசெய்துகொண்டிருக்கும் சத்தம், விட்டு விட்டு. இன்னும் பாதிப் பெட்டிகள் பிரிக்காமல் சுவரோரம் அடுக்கியிருந்தன. என்னவென்று கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவளும் அந்த மூக்கைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று அவள் சொன்னாள். நாங்களும் நன்றாக இருக்கிறோம் என்று நான் சொன்னேன். வைத்துவிட்டோம்.